மாவு மில் பேய் உங்கள் தங்கைதான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக நலம் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை உயிரோடு என்று எழுத வேண்டியிருக்கிறது, அதிலும் உங்கள் தங்கை விஷயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே.

எங்கள் மாவு மில்லில் பேய் உலவுவதாக ஊரே பேசுகிறது. கொலையுண்ட பெண்ணின் பேயாம். கொன்றவன் நான், செத்தவள் உங்கள் தங்கை. பதற வேண்டாம், அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். போன கோடையில் ஒரு நண்பகல், அரைத்த மாவு இறங்கும் துணிக்குழாய் கிழிந்து, கீழே நின்ற உங்கள் தங்கையின் தலையில் மொத்தமும் கொட்டிவிட்டது. கண்ணிமையிலிருந்து கால் நகம் வரை ஒரே வெள்ளை. அவள் விறுவிறுவென்று வெளியே நடந்தாள், பஸ் நிறுத்தத்துக் குழாயில் முகம் கழுவப் போகிறாள் என்று நானும் மிஷினை நிறுத்தப் போய்விட்டேன், அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்திருக்கிறது, இவள் மாவை உதறக் கையைத் தூக்கியிருக்கிறாள், டிரைவருக்கு வெள்ளை உருவம் ஒன்று கண்ணீர்க் கோடுகளோடு கைநீட்டிக் கூப்பிடுவதாகத் தெரிந்திருக்கிறது, மனுஷன் வண்டியை ஒரே மிதியாக மிதித்துக்கொண்டு பறந்துவிட்டார். காலே இல்லை என்று அடுத்த நிறுத்தத்தில் சொன்னாராம். கால் இருந்தது மச்சான். செருப்புகூட இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே வெளுத்ததெல்லாம் பேயாகிவிட்டது. டீக்கடைக்காரர் அதற்குக் கண் காது மூக்கு வைத்தார். சலூன்காரர் கொலைகாரனை வைத்தார், அதாவது என்னை. நான் அவளை மிஷினுக்குள் தள்ளினேனாம். அந்த மிஷின் வாயில் ஒரு பூசணிக்காய்கூட நுழையாது, ஆனால் அதை யாரும் வந்து பார்த்தால்தானே? அரைக்க வருபவர்கள் அடியோடு நின்றுபோனார்கள். சரி, ஆளையே காட்டிவிடுவோம் என்று உங்கள் தங்கையைத் தலைவாரச் சொல்லி வீடுவீடாகக் கூட்டிப்போனேன். தையல்காரர் மனைவி கதவைச் சாத்திவிட்டு, அவங்க உடம்புலயே வந்திருக்கு என்று ஜன்னல் வழியாகப் புருஷனிடம் சொல்கிறாள். சலூன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது நல்லா சாப்பிடுதா என்று கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றேன். "அதாண்ணே பயமா இருக்கு" என்றார்.

கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். உட்காரவைத்தேன். இறந்தது யார் என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்த உங்கள் தங்கை, "நான்தாங்க" என்றாள். தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

மில் பெல்ட்டில் சிலந்தி கூடு கட்டிவிட்டது. காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிறேன், நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், என்னைத்தான் பேய் பிடித்தது போலிருக்கிறது. இனி என்னால் முடியாது. நீங்கள் வந்து தெருவில் நின்று, இவள் என் தங்கை, சாகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேய்க்கு அண்ணன் என்று உங்களையும் சொல்வார்கள்தான். இருந்தாலும் வாருங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, என்னைக் கொலைகாரன் என்று நினைக்காத மற்ற எல்லோருக்கும் நன்றி.

இப்படிக்கு,
யாரையும் கொல்லாத,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கைக்கு இதைப் படித்துக் காட்டினேன். மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க குழாய்க்குப் போனேன்? பஸ்ஸைத்தான் நிறுத்தினேன். அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

ஏன் என்றேன்.

"தலையில மாவு கொட்டி நான் மூச்சு முட்டி நிக்கறேன். நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா? இது யார் வீட்டு மாவுன்னு கேட்டீங்க."

கேட்டிருப்பேன் மச்சான். பஸ் நிற்காததால்தான் திரும்பி வந்தாளாம். கண்ணில் ஏதும் விழுந்ததா என்று கேட்டேன். "இப்பவா கேக்கறீங்க" என்றாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆகவே நீங்கள் வரவேண்டாம். பேய் இருக்கிறதென்றே ஊர் நம்பட்டும். அந்த டிரைவர் இன்றைக்கும் எங்கள் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. மகராசன், நூறு வயது இருக்கட்டும்.