ஏழு வீட்டுக் கடனும் ஒரு தாய்மாமன் மடியும்

இடைசெவல்,
ஆவணி 15, ஞாயிற்றுக்கிழமை.

கழுகுமலையில் இருக்கும் மாப்பிள்ளை முத்துமணி அவர்களுக்கு, உங்கள் மனைவி சத்யபிரியாவின் உடன்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நீங்களும் தங்கச்சியும் மருமகள் தன்ஷிகாவும் உங்கள் அம்மா பெத்தம்மாள் அத்தையும் மலைமேல் இருக்கிற முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி ரேணுகாதேவி சுகம், ஆடு இரண்டும் சுகம், மழை இல்லை. நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை டாக்டரே வயிற்றை அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார், அந்தக் கதை பின்னால் வருகிறது. மனசுதான் கொதிக்கிறது.

கையில் போன் இருக்கும்போது மச்சான் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். போன் இருக்கிறது மாப்பிள்ளை, ரீசார்ஜ்தான் இல்லை. வீட்டுக்கு ஒரு போனுக்குத்தான் ரீசார்ஜ், அதுவும் பெண்பிள்ளை போனுக்குத்தான் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். என் போனில் இப்போது மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம். ரேணுகா போனில் பேசினால் ஏழு வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் விதைக்கடைக்காரர் கொடுத்த பழைய டைரியில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

தீர்மானம் போட்டது யார் என்று கேட்பீர்கள். போன வருஷம் உளுந்து காய்த்துக் கறுத்து நாளைக்கு அறுக்கலாம் என்று ஆள் சொல்லி வைத்த அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை, காய்க்குள்ளேயே முளைத்துவிட்டது. பக்கத்து ஓடைக்கரைச் சோளத்தைப் பன்றி உழுது போட்டது. கடைக்கடன், உரக்கடன் எல்லாம் கழுத்தை நெரித்தபோது ரேணுகாதேவி மகளிர் குழுவில் சேர்ந்து அறுபதாயிரம் வாங்கினாள். வாராவாரம் புதன்கிழமை எழுநூற்று இருபது கட்ட வேண்டும். ஏழு பெண்கள் சேர்ந்த குழு. ஒரு வீடு கட்டவில்லை என்றால் மற்ற ஆறு வீடும் பங்கு போட்டுக் கட்டவேண்டும். கையெழுத்துப் போடும்போது இது எனக்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. நாம் கட்ட முடியாவிட்டால் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆறு பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து என் வீட்டு அடுப்பு எனக்குச் சொந்தமில்லை மாப்பிள்ளை. குழுத்தலைவி பாண்டிச்செல்வி ஏழு வீட்டுக்கும் நிதிமந்திரி. தாசில்தாருக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. பிடாரி, சரியான பிடாரி.

ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு டீ. இரண்டாவது டீக்கு அபராதம் இருபது ரூபாய். டீக்கடைக்கு நேர் எதிரே குழுவில் இருக்கிற வெயிலம்மாள் வீடு. நான் கிளாஸைக் கையில் வாங்கின நேரத்தில் கரெக்டாக வாசல் தெளிக்க வருவாள். சாயங்காலம் நாலு மணிக்கு யாராவது வாசல் தெளிப்பார்களா? "என்ன அண்ணாச்சி, காலையில ஒண்ணு ஆச்சுல்லா?" என்று கேட்பாள். பன்னிரண்டு ரூபாய் டீ எனக்கு முப்பத்திரண்டு ரூபாய்க்கு விழுகிறது. நட்சத்திர ஓட்டலில்கூட உட்கார்ந்து குடிக்கலாம் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கோழிக்குழம்பு மணத்தது. மணத்தது எந்த வீட்டில் என்று எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் நானே போயிருப்பேன். குழுவில் மூன்று பேர் நேரே என் வீட்டு அடுப்படிக்குள் வந்து சட்டியைத் திறந்தார்கள். உள்ளே பாசிப்பயறுக் குழம்பு. அதோடு போயிருக்க வேண்டாமா? கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "ரேணுகாக்கா, எண்ண கொஞ்சம் தாராளமா இருக்கே" என்று ஒரு குறை. என் மனைவி கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் எண்ணெய் பாட்டிலைத் தூக்கி வந்து, நாளுக்கு ஒன்றாகப் பேனாவால் போட்டு வைத்த கோட்டைக் காட்டுகிறாள், பெருமையாக!

இதெல்லாம் தாங்கலாம். பஸ் விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆண்களுக்கு உண்டு. அதனால் கோவில்பட்டி வேலை எதுவானாலும் பெண்கள்தான் போகவேண்டும் என்று ஒரு தீர்மானம். "டிக்கெட் எடுக்குற ஆளு வீட்டுல இருக்கட்டும்" என்று பாண்டிச்செல்வி சொன்னாள், ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். என் பைக் சாவி அவள் வீட்டுச் சாமி படத்து ஆணியில் தொங்குகிறது. உரம் வாங்க ரேணுகா, பூச்சிமருந்துக்கு ரேணுகா, எனக்குச் செருப்பு வாங்கவும் ரேணுகா. நூலை வைத்துக் காலை அளந்துகொண்டு போனாள். வந்தது இரண்டு விரற்கடை பெரிது. "தள்ளுபடியில அந்த சைஸ்தான் இருந்துச்சு. முன்னால துணியத் திணிச்சுப் போட்டுக்கிடுங்க" என்கிறாள். முடிவெட்ட மட்டும்தான் என் தலை நேரில் போகவேண்டியிருக்கிறது. அதற்கும் ஏதாவது வழி யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. ஆவணி 25, புதன்கிழமை. சந்தோஷம். தாய்மாமன் என்று என் பேரையும் போட்டிருந்தீர்கள், அதுவும் சந்தோஷம். மறுநாளே எங்கள் பெரியப்பா மகன் இசக்கிதுரை, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறானே அவன்தான், ரோட்டில் காரை நிறுத்திக் கண்ணாடியை மட்டும் இறக்கினான். ஏசி காற்று போய்விடும் என்று கதவைத் திறக்கவில்லை. "ஏலே தங்கப்பாண்டி, நான் அரைப் பவுன் மோதிரம் போடுதேன்னு பெத்தம்மா அத்தகிட்ட சொல்லிட்டேன். ஒனக்குச் சிரமம்னா பிள்ளைய என் மடியிலயே வச்சுக் குத்திருவோம்னு அவியளும் சொன்னாவ. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத" என்றான். கண்ணாடி ஏறிவிட்டது, கார் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன்.

மாப்பிள்ளை, நான் கேட்கிறேன், மடி என்ன ஏலச்சரக்கா? அதிகம் கேட்டவனுக்கு விடுவதற்கு? சத்யபிரியாவுக்குக் காது குத்தும்போது எங்கள் மாமன் கடன்பட்டு, கால் நடையாக வந்து, மஞ்சள் துணியில் நாலு தேங்காயைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். அவர் மடியில்தான் அவள் உட்கார்ந்தாள், அவர் வேட்டியைத்தான் நனைத்தாள். யாரும் தராசு வைத்துப் பார்க்கவில்லை. இதை நான் ரேணுகாவிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் போய், என் தங்கச்சி பிள்ளையைத் தூக்கி வைக்க எனக்கு வக்கில்லையாம் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

அரைப் பவுன் இன்றைக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. கோவில்பட்டியில் ஒரு வட்டிக்காரரிடம் ஆள்விட்டுப் பேசி முடித்தேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ரேணுகா ஆட்டை ஓட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து வேட்டியை மாற்றி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். ஏறினால் உள்ளே பாண்டிச்செல்வி, வெயிலம்மாள், அவர்களோடு இன்னொருத்தி. டிக்கெட் இல்லை என்றால் வேறு எங்கேதான் இருப்பார்கள்? "என்ன அண்ணாச்சி, வெள்ளையும் சொள்ளையுமா எங்கன பொறப்பாடு?" என்றாள் பாண்டிச்செல்வி. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. வாய் குழறி, வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லித் தொலைத்தேன்.

ஒரு பொய் சொன்னதற்கு என்ன பாடு பட்டேன் பாருங்கள். மூன்று பேரும் வந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வெயிலம்மாள் விடவில்லை. "சும்மாதான பாக்கீங்க, சுகரும் பிரஷரும் சேத்துப் பாத்துருங்க டாக்டர்" என்றாள். சுகர் இல்லை. பிரஷர் இருந்தது. இருக்காதா? வலிக்கு ஒரு ஊசியும் போட்டார்கள். இடுப்பைத் தடவிக்கொண்டு வெளியே வந்தால் எதிர்த்த கடையிலிருந்து அந்த வட்டிக்காரர் ரோடு முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறார்: "தங்கப்பாண்டி அண்ணாச்சி! பத்திரம் ரெடியா இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க!"

புதன்கிழமை விசாரணை. வசூலுக்கு வரும் தம்பி பைக்கை நிறுத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பாய் கிடையாது. பிராது கொடுத்தவள் யார் தெரியுமா? என் பெண்டாட்டி. "இவிய இன்னொரு கடன வாங்கிட்டு ஓடிப் போயிட்டா, நீங்க ஆறு பேருதான கட்டணும்? அதான் முன்னாலயே சொல்லுதேன்" என்கிறாள். சீர் செய்யத்தான் கேட்டேன் என்று மட்டும் சொன்னேன். "சீரு என்ன பெரிய சீரு? ஒரு சட்டையும் பாவாடையும் எடுத்துட்டுப் போங்க, போதும்" என்று பாண்டிச்செல்வி தீர்மானத்தை எழுதி மூடிவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். காதுகுத்தைத் தள்ளி வையுங்கள். காதுகுத்துப் புதனோடு சேர்த்து இன்னும் பத்தொன்பது தவணை இருக்கிறது, தையில் முடிந்துவிடும். முடிந்த மறுநாள் கடனில்லாத மனுஷனாக மோதிரத்தோடு வருகிறேன். குழந்தைக்கு ஜலதோஷம் என்று சொல்லுங்கள், நாள் சரியில்லை என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். என்னை மட்டும் சொல்லாதீர்கள். தங்கச்சிக்கும் தெரியவேண்டாம். பெண்டாட்டியும் ஆறு அடங்காப்பிடாரிகளும் சேர்ந்து என்னைச் சந்தி சிரிக்க வைத்தது போதும், சபையில் இன்னொருத்தன் மடியில் என் மருமகள் உட்காருவதை ஓரத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது.

பெத்தம்மாள் அத்தைக்கு என் கும்பிடு, கோபம் இருந்தாலும் கும்பிடு கும்பிடுதான். தங்கச்சிக்கு அண்ணன் ஆசி. மருமகள் காலம் முழுக்கக் காதும் கழுத்தும் நிறைய வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
சு. தங்கப்பாண்டி

பி.கு: இன்று புதன்கிழமை. கடுதாசி இன்னும் போகவில்லை. தயவுசெய்து மேலே எழுதினது எதையும் நம்ப வேண்டாம், காதுகுத்தைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். வேறு தாள் இல்லாததால் இதிலேயே எழுதுகிறேன். கவர் வாங்கக் காசு கேட்கப் போய், எதற்கு என்று ரேணுகா கிளறி, கடுதாசியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழுவில் உரக்க வாசித்துவிட்டாள். கோழிக்குழம்புக்கும் ஊசிக்கும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வசூல் தம்பியும் சிரித்தார். பிடாரி என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதற்கு அபராதம் நூறு ரூபாய் போட்டார்கள். மடி விஷயம் வந்ததும் ரேணுகா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மீதியைப் பாண்டிச்செல்வி வாங்கி வாசித்தாள். "இதுக்கா அண்ணாச்சி அந்த வட்டிக்காரன்கிட்ட போனீங்க? வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று என்மேலேயே பாய்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரஷர் என்று சொல்லிவிட்டேன்.

தீர்மானம் ஆகிவிட்டது. மோதிரம் கிடையாது. வீட்டுக்கு மூன்று தட்டு, ஏழு வீட்டுக்கு இருபத்தொரு தட்டுச் சீர். உளுந்து, கம்பு, குதிரைவாலி, கருப்பட்டி, கடலைமிட்டாய், பழம், மஞ்சள் என்று அவரவர் வீட்டில் இருப்பது. ரேணுகா தன் கல்யாணப் பட்டுச்சேலையை வெட்டி மருமகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டாள், நான் கூடாது என்றேன், யாரும் கேட்கவில்லை. கழுகுமலைக்குப் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறி வருவோம், எனக்கு மட்டும் டிக்கெட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தவணை நாள் என்பதால் வசூல் தம்பி நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கூட்டம் அங்கேதான், ஒரு பாய் வேண்டும். உளுந்தையும் கம்பையும் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் நான் பொறுப்பில்லை, என் குழுவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இதைச் சாக்கு வைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் உங்களுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

என் மடியில் மருமகள் உட்காரும்போது பின்னால் ஏழு பொம்பளைகளும் ஒரு வசூல்காரத் தம்பியும் நிற்பார்கள். இசக்கிதுரைக்குப் பின்னால் நிற்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று அத்தையிடம் கேட்டு வைக்கவும், இலை போடத் தோதாக இருக்கும்.