ஏழு நாள் தாள்

கடிகாரக்காரர் வாழ்நாளில் எடுத்த மாபெரும் முடிவு, இனி ஆயுசுக்கும் துணி துவைப்பதில்லை என்பதுதான். இதுவரைக்கும் மட்டும் துவைத்தாரா என்றால், இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சு சரியில்லை.

"ஏங்க, நீங்களும் வேலைக்குப் போறீங்க, நானும் போறேன். துணியை மட்டும் நான் ஒருத்தியே ஏன் துவைக்கணும்?"

நியாயமான கேள்வி. அவர் உடனே பந்தயத்தில் இறங்கிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஏழு கேள்வி கேக்கறேன். உலக அதிசயங்கள். நாலுக்குச் சரியா சொல்லிட்டா வருஷம் முழுக்க நான் துவைக்கிறேன். இல்லேன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது!"

"சரிங்க."

அவர் கடையில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஓர் அதிசயத் தகவல். திங்கட்கிழமை காலையிலேயே ஏழு நாள் தாளையும் ஒன்றாகக் கிழித்து, பொழுது முழுக்க நெட்டுருப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையில் கடிகாரங்கள் எல்லாம் இந்த நிமிஷத்தில் ஓட, சுவர் மட்டும் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"கேள்வியெல்லாம் நான்தான் கேப்பேன்!"

மறுநாள் வேறு சட்டையில் கடைக்கு வந்து தாள்களைத் தேடினார். காணோம். மனப்பாடம் ஆனபிறகு தாள் எதற்கு என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு மாலை. நடுவராக எதிர்வீட்டு டீச்சர். கடிகாரக்காரர் நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

மனைவி கூரையைப் பார்த்தாள். "மூணு இருக்குமோ?"

குருட்டாம்போக்கில் அடித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"கயிறு இழுக்கிற போட்டி ஒலிம்பிக்ஸ்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னால எடுத்துட்டாங்க."

ஆட்டிய கால் நின்றது.

"நல்லா மூடி வெச்சா வருஷக்கணக்குல கெடாதது எது?"

"தேன்."

"எந்த மீன்ல ஆம்பளை பிள்ளை பெத்துக்கும்?"

"கடல்குதிரை. பொறுப்பான ஆம்பளை."

"நாலு!" என்று கைதட்டினார் டீச்சர்.

கடிகாரக்காரர் மானத்தைக் காப்பாற்றவாவது ஐந்தாவது கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"அடுத்தது சுறாதானே?" என்றாள் மனைவி. "பூமியில மரம் வர்றதுக்கு முன்னாலயே கடல்ல சுறா வந்துடுச்சு."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?"

மறுநாள் காலை கடிகாரக்காரர் வாளிக்கு முன்னால் குந்தினார். இவளுக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது? ராத்திரியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. வெறுத்துப்போய், போன திங்கட்கிழமை போட்டிருந்த தன் சட்டையை அப்படியே சோப்புத் தண்ணீரில் அமுக்கினார். பைக்குள்ளிருந்து ஊறிப்போன காகிதக் கட்டு ஒன்று மிதந்து வந்தது. பிரித்தார். ஏழு தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"பையைப் பாக்காம தண்ணியில போடாதீங்க. நான் பாத்துட்டுத்தான் போடுவேன்."