என் வைவாவில் அப்பா கேட்ட ஒரே கேள்வி

பிஎச்.டி. வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், யாரும் தோற்பதில்லை. அது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம் மாதிரி. முடிவு தெரிந்த பிறகுதான் பலகாரத்துக்கே சொல்வார்கள். அதையும் நிறுத்திக் காட்டிய பெருமை எனக்கு உண்டு.

அன்று அடையாறில் எங்கள் துறை ஹாலுக்கு, மயிலாப்பூரிலிருந்து அறுபது பெட்டி மைசூர்பாகு மிக்ஸரோடு அம்மா, தம்பி, அப்பா மூவரும் வந்திறங்கினார்கள். அப்பா தி.நகர் துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றே காலம் கழித்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அன்றைய முறையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, ஜரிகை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் டாக்டராவதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

என் ஆராய்ச்சி, தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தி குவாசிகிரிஸ்டல்கள் பற்றியது. (பயப்படாதீர்கள், நானும் பயந்துகொண்டேதான் செய்தேன்.) அணுக்கள் ஒழுங்காக நிற்கும், ஆனால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வராது. அதிலிருந்து ஆற்றல் கசிந்தாலும், ஓரத்தில் ஒரு நிலை மட்டும் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நான்கு வருடம் உழைத்துக் கண்டுபிடித்திருந்தேன்.

வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். “எனர்ஜி லீக் ஆகுதுன்னு சொல்றீங்க. அப்போ விடையில காம்ப்ளெக்ஸ் நம்பர் வரணுமே. ஒண்ணுகூட இல்லையேம்மா?”

கசிவே இல்லாத அமைப்புகளுக்கென்று எழுதிய புரோகிராமில் என் கணக்கைப் போட்டிருந்தேன். கசிவைக் காட்டும் அந்த காம்ப்ளெக்ஸ் எண்களை அது திரும்பியும் பார்க்காது. தப்பு என்றும் சொல்லாது, விடையை மட்டும் அழகாகத் தந்துவிடும். (என்ன வேகமாக ஓடுகிறது என்று நான் பீற்றிக்கொண்டது வேறு.)

என் கைடு தரையைப் பார்த்தார். முறைப்படி, வைவாவை நடத்திய தலைவர், “ஆடியன்ஸ்ல யாராவது கேள்வி கேக்கலாம்” என்றார். அப்பா எழுந்தார்.

“இத மறுபடி சரியா போட எவ்ளோ நாளாகும்மா?”

இரண்டு மணி நேரமாக எல்லாரையும் சார் போட்டுக்கொண்டிருந்த வாய் என்னுடையது. “எட்டு மாசம், சார்” என்றேன்.

ஹாலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “சரி, பாப்போம்” என்று உட்கார்ந்தார். பட்டம் தள்ளிப்போனாலும், வாங்கி வந்த மைசூர்பாகை என்ன செய்வது? எல்லாருக்கும் கொடுத்தோம். தேர்வாளர் இரண்டு சாப்பிட்டார்.

சரியாகப் போட்டபோது அந்த ஓரத்து நிலை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் ஓர் ஆயுள் இருந்தது. கணக்கு முடிய எட்டு மாதம் ஆனது. அப்பா ஐந்தாவது மாதத்திலேயே போய்விட்டார்.

இப்போதும் வீட்டில் சாப்பாடு எப்போது ஆகும் என்று கேட்டால், தம்பி “எட்டு மாசம், சார்” என்பான். முதலில் சிரிப்பது அம்மாதான். நானும் சிரிப்பேன். அன்று நாலு மாசம் என்று சொல்லியிருந்தால், நாலே மாசத்தில் முடித்திருப்பேனோ என்னவோ.