மாமனார் தட்டையாக்கப்பட்ட வரலாறு

உலகத்தில் இதுவரை நடந்த குடும்பச் சண்டைகள், எல்லைத் தகராறுகள், விவாகரத்துகள் அனைத்துக்கும் மூலகாரணம் விளக்கமாகப் பேசுவதுதான். இந்த உண்மையை முதன்முதலில் கண்டுபிடித்த பெருமை அறிவுக் களஞ்சிய நிறுவனத்தின் எளிமையாக்கப் பிரிவுத் தலைவரையே சேரும். கண்டுபிடித்ததை அவர் முதலில் சோதித்துப் பார்த்தது தன் மனைவியிடம். மேதைகளின் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

அந்தச் சோதனை அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அவள் அம்மா இறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. தலைவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும் நேரமாகப் பார்த்து ஆரம்பித்தாள்.

"என்னங்க, அப்பா விஷயமா ஒண்ணு..."

"சுருக்கமா சொல்லு."

"அம்மா போனதுக்கப்புறம் அவரு தனியா இருக்காரு இல்லையா? மாடி ஏறி இறங்க முட்டி வேற வலிக்குதாம். நம்ம பின்னறையும் சும்மாதான் கிடக்கு. அதனால..."

"அதாவது, அப்பாவுக்கு முட்டி வலி. அவ்வளவுதானே? டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

பிரச்சினை தீர்ந்தது. தலைவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா நம்மோடு வந்து இருக்கட்டுமா என்பதுதான் அவள் கேட்க வந்தது. அந்தக் கேள்வி 'அதனால'வுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் பலமுறை முயன்றாள். ஒருமுறை 'தனியா இருக்காரு' வரைக்கும் போனாள். தலைவர் மாமனாருக்கு ஒரு ரேடியோ வாங்கி அனுப்பினார். இன்னொரு முறை 'பின்னறை' வரைக்கும் போனாள்; மறுநாளே அந்த அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். கேள்வி மட்டும் அங்கேயே நின்றது.

அவள் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதகர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஓசைகளை அனுப்பி, "கேட்டா கையத் தூக்குங்க" என்பது அவள் வேலை. ஒரு நாள் சந்தேகம் தாங்காமல் கணவனையும் அந்தக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பார்த்தாள். கொசு இறக்கை அசைத்தாலும் அவருக்குக் கேட்டது. குறை காதில் இல்லை என்பது மருத்துவரீதியாக உறுதியானது.

தலைவருடைய தொழில் எவ்வளவு மகத்தானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். களஞ்சியத்தில் உலகத்து மனிதர்கள், மலைகள், நூல்கள் எல்லாவற்றைப் பற்றியும் தகவல் இருந்தது. ஆனால் ஒருவர் எப்போது பிறந்தார் என்று கேட்டால் அது பதில் சொல்லாது, பெட்டி கொடுக்கும். அந்தப் பெட்டிக்குள் 'கூற்றுகள்' என்று ஒரு பெட்டி. அதற்குள் 'பிறப்பு'. அதற்குள் 'முதன்மைக் கூறு'. அதற்குள் 'மதிப்பு'. அதற்குள் 'நேரம்'. அதற்கும் உள்ளேதான் அந்தத் தேதி மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கும். கூடவே யார் சொன்னது, எப்போது சொன்னது, எவ்வளவு நிச்சயம் என்று ஒரு பெரிய பரிவாரம். இதில் இன்னொரு விசேஷம், களஞ்சியம் எதையும் அழிப்பதில்லை. தவறான தகவல் வந்துவிட்டால்கூட அதற்கு 'செல்லாது' என்று சீட்டு ஒட்டி, காரணத்தையும் எழுதி வைத்துக்கொள்ளும். அதே தவற்றை இன்னொருவர் கொண்டுவந்து போட்டுவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

வெளியே இந்தத் தகவலை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் கதறினார்கள். பெட்டிக்குப் பெட்டி போட்டிருக்கும் அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணிக் கண் போச்சு என்றார்கள். அவர்களுடைய கண்ணீரைத் துடைக்கவே தலைவர் 'தட்டை' என்ற மென்பொருளைப் படைத்தார். 'ஒரு கேள்வி, ஒரு வரி' என்பது அதன் முழக்கம். எத்தனை அடுக்குப் பெட்டியைக் கொடுத்தாலும் தட்டை அதை மிதித்துத் தட்டையாக்கி ஒரு வரியாக நீட்டிவிடும்.

அவர் பிரிவில் சரிபார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் 'ஆனா' என்று ஆரம்பிப்பதால் அவளுக்கு 'ஆனாக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளோடு நடந்த பேச்சைத் தலைவர் ஒரு நாள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"'சார், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் இருந்தா?'ன்னா. முதல்ல இருக்கறத எடுன்னேன். 'ஆனா சார், அதுல செல்லாதுன்னு சீட்டு ஒட்டியிருந்தா?'ங்கறா. அந்தச் சீட்டு எந்த அடுக்குல இருக்குன்னு கேட்டேன். ஆறாவதாம். நாம அஞ்சோட நிறுத்திட்டோம், போய் வேலையப் பாருன்னுட்டேன்!"

"அந்தப் பொண்ணு கேட்டது சரிதானேங்க?"

"உனக்கும் அவளுக்கும் ஒரே வியாதி. விளக்கம்."

தட்டையின் வெளியீட்டு விழாவுக்குக் 'குடும்பத்துடன் வருக' என்று அழைப்பு வந்தது. அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் வெள்ளைத் திரை. பக்கத்தில் குளிர்பானப் பெட்டிகள். நிறுவனத்தின் இயக்குநர், எளிமையின் அவசியத்தைப் பற்றி மிக நீளமாகப் பேசினார். பிறகு, "எங்கே, யாராவது ஒருத்தரைப் பத்திக் கேட்டுக் காட்டுங்க பார்ப்போம்!" என்றார்.

தலைவர் முகம் மலர்ந்தது. "என் மாமனாரையே பார்க்கலாம் சார். ரொம்ப வருஷம் ரேடியோல வானிலை அறிக்கை வாசிச்சவர். நம்ம களஞ்சியத்துல இருக்காரு."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை பேர் நடுவில் அப்பாவை நினைத்தாரே! இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

திரையில் அப்பாவின் பெயர் வந்தது. பிறகு வரிகள் வந்தன.

தொழில்: வானிலை.

மனைவி: உண்டு.

இறப்பு: சென்ற ஆண்டு.

நடந்தது இவ்வளவுதான். அப்பாவின் பெயரையே கொண்ட ஒரு நாடக நடிகர் போன வருஷம் இறந்துபோயிருந்தார். யாரோ ஆள் மாறாட்டமாக அந்தத் தேதியை அப்பாவின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். வேறு யாரோ கவனித்து, 'செல்லாது; இவர் வேறு, அவர் வேறு' என்று சீட்டு ஒட்டினார்கள். சீட்டு ஆறாவது அடுக்கில் இருந்தது.

"ஆகா, என்ன தெளிவு!" என்றார் இயக்குநர். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. "அடடா, காலமாயிட்டாரா? நமக்குத் தெரியாமப் போச்சே! எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம்..."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அரங்கமே எழுந்து நின்றது. தலைவர் திரையைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் மாமனாரோடு கிரிக்கெட் பற்றிப் பேசியிருந்தார். ஆனாலும் தட்டை சொல்லிவிட்டது, இயக்குநரும் எழுந்துவிட்டார். தனிமனித அனுபவத்தைவிடத் தரவே பெரிது என்று உணர்ந்து, தலைவரும் தலையைக் குனிந்துகொண்டார். இப்படிப்பட்ட தியாகத்தை எல்லாராலும் செய்துவிட முடியாது.

அந்த அமைதியில் அவளுடைய கைப்பை அதிர்ந்தது. அப்பாதான். எடுத்து, 'சொல்லுங்கப்பா' என்று முணுமுணுத்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை விழா எப்படிப் போகுது? ஏன் கிசுகிசுன்னு பேசற?"

"எல்லாரும் உங்களுக்காக எந்திரிச்சு நிக்கிறாங்கப்பா."

"எனக்கா? ஏதாவது விருதா?"

"இல்லப்பா. நீங்க... இறந்துட்டீங்கன்னு."

"எப்போ?"

"போன வருஷமாம்."

"அடப்பாவமே. அதுக்கப்புறமும் வேளை தவறாம மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேனே." அப்பா தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அத்தனை பேர் நிக்கறப்ப நான் மட்டும் உக்காந்திருக்கேனே. நானும் எந்திரிக்கவா?"

"முட்டி வலிக்கும். பேசாம உக்காருங்கப்பா."

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் தலைவர் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். "உங்கப்பா மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க வருத்தம்? உயிரோட இருக்கறவர..."

"இப்பப் போய்ச் சொன்னா தட்டைக்கு அசிங்கம். அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்."

"அதுவரைக்கும் அப்பா?"

"அதுவரைக்கும் என்ன ஆயிடப் போகுது? ஒரு வரிதானே!"

அவள் மறுபடியும் எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவருக்கு அலுவலகத்திலிருந்து போன். இயக்குநர் தன் கைப்பட 'மாமனார் மறைவு சிறப்பு விடுப்பு' அளித்திருந்தார். வேண்டாம் என்றால் சந்தேகம் வருமே என்று தலைவர் கனத்த மனத்தோடு அதை ஏற்றுக்கொண்டார். அதே கையோடு தட்டையும் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பப்பட்டது. வங்கி, நூலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே துக்கம் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய மலர்வளையம் வந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தாள். எல்லாருக்கும் டீ போட்டாள். கணக்குப் பிரிவு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா ஆச்சு? நல்லாத்தானே இருந்தாரு?"

"திடீர்னுதான். அடுக்கு தவறிட்டாரு."

"ஐயையோ! எத்தனாவது அடுக்கு?"

"ஆறாவது."

"ஆறாவதுலேருந்தா! அப்ப எங்க பிழைக்கறது?" என்று அந்த அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டார். மூலையில் டீ கிளாஸோடு நின்றிருந்த ஆனாக்கா மட்டும் தரையைப் பார்த்தபடி, "ஆனா..." என்று ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அப்போது சமையலறையில் போன் அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

"அம்மாடி, நான் எங்க குடியிருப்பு வாசல்லதான் நிக்கிறேன். காய்கறி வாங்கிட்டு வந்தேன். கார்டத் தேய்ச்சா கதவு திறக்கல. 'குடியிருப்பவர் உயிருடன் இல்லை'ன்னு சிவப்பா எழுத்து வருது."

"வாட்ச்மேனுக்கு உங்களத் தெரியுமேப்பா!"

"நல்லாத் தெரியும். 'சார், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, மெஷின்தான் ஒத்துக்க மாட்டேங்குது'ன்னு சொல்லி அவன் ஸ்டூல எனக்குக் குடுத்திருக்கான். மேலிடத்துல கேட்டா, இறந்தவங்க வந்து மனு குடுக்க வழி இல்லையாம்." அப்பாவின் குரல் பழைய ரேடியோக் குரலாக மாறியது. "இன்று மாலைக்குள் வீட்டுக்குள் நுழைய வாய்ப்பு மிகக் குறைவு."

எப்போதும் சிரித்துவிடுவாள். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலின் அடியில் மிக மெல்லிய ஒரு நடுக்கம் இருந்தது. அப்படிப்பட்ட ஓசைகளைக் கேட்பதுதானே அவள் பிழைப்பு.

"ஒரு டாக்சி பிடிச்சு இங்க வந்துருங்கப்பா. பெட்டி, துணியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

"வந்து... எத்தனை நாளுக்கும்மா? மாப்பிள்ளைகிட்ட கேட்டியா?"

"கேக்கறேன். நீங்க வாங்க."

கூடத்தில் இயக்குநரும் வந்துவிட்டிருந்தார். நடுச் சோபாவில் தலைவர் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அலுவலகமே நின்றது. இரங்கல் என்று வந்துவிட்டால் ஒரு வரி போதாது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும், விளக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மனுஷன் சார்! எனக்கு மாமனார் இல்ல, அப்பா. அத்தை போனதுக்கப்புறம் தனியாக் கிடந்தாரு. கடைசிக் காலத்துல இங்கயே கூட்டிட்டு வந்து, பின்னறையில வச்சு, என் கையால பார்த்துக்கணும்னு எவ்வளவு ஆசை! வெள்ளைகூட அடிச்சு வச்சேன் சார். கேட்டுப் பாருங்க இவள. ஒரு வார்த்தை... யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன். எனக்குக் குடுத்து வைக்கல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கணக்குப் பிரிவு அம்மாள் விம்மினார். இப்படியொரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று கூடமே நெகிழ்ந்து நின்றது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கணவன் எதிரில் வந்து நின்றாள்.

"என்னம்மா?" என்றார் தலைவர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"அப்பா டாக்சில வந்துக்கிட்டிருக்காருங்க. ஆபீஸ்லதான் கொன்னுட்டீங்க, நம்ம வீட்லயாவது அவரு உயிரோட இருக்கட்டுமே."