மேகத்துக்குக் குறுக்கே ஒரு கல்

"ஆத்தா, கொஞ்சம் கீழ் பக்கமாப் போங்க!"

விஜயபாண்டி கையை வீசி வீசிக் காட்டினான். போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டச் சரிவில் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவை மாட்டி, முதல் படத்தையும் எடுத்துவிட்டான். கேரளப் பக்கமிருந்து கருமேகம் மலை விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கியிருந்தது. பத்து நிமிடத்தில் முழுதாக இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மேல் தோட்டத்துக்காரி குருவம்மாள் படத்துக்குள் வந்து நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குள் மேகப் புகைப்படப் போட்டிக்குப் படத்தை அனுப்ப வேண்டும். ஏற்கெனவே நான்கு போட்டிகளில் மண்ணைக் கவ்வியவன். இந்த முறையும் பரிசு இல்லையென்றால் கேமராவைப் பரணில் போட்டுவிட்டு மச்சான் கடையில் ஏலக்காய் மூட்டை தூக்கப் போக வேண்டும் என்று மனைவி அனுசியா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

குருவம்மாள் நகரவில்லை. குனிந்து, பலா மரத்துக்குக் கீழ்ப்புறம் இருந்த எல்லைக் கல்லைப் பெயர்த்து, அவன் கை காட்டிய பக்கம் நான்கடி நகர்த்தி வைத்தாள்.

"போதுமா சர்வேயர் அய்யா?"

"சர்வேயரா? நான் மேகத்தப் படம் எடுக்க வந்தவன் ஆத்தா!"

கீழ்த் தோட்டத்திலிருந்து ராமர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். தேவாரத்துக்காரர். போன மாதம்தான் அந்தத் தோட்டத்தை வாங்கினார். எது தன்னுடையது, எது அடுத்தவருடையது என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"என்னய்யா, எந்தோட்டத்துக்குள்ள கல்லக் கொண்டாரச் சொல்றீக?"

"அண்ணே, நான் வெறும் போட்டோக்காரன்."

"போன வாரம் ரோடு அளக்க வந்தவரும் இப்படித்தான் சொன்னாரு."

மூன்று கால் ஸ்டாண்டோடு யார் வந்தாலும் நிலம் அளக்கத்தான் வருகிறார் என்பது அந்த மலையில் எல்லாரும் நம்புவது. விஜயபாண்டி ராமரைப் பிடித்துக் கேமராவில் பார்க்கச் சொன்னான். லென்ஸ் தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டியது.

"ஆத்தி! கல்லு எம் மூக்குக்கிட்ட வந்துருச்சே!" என்று அலறினார் ராமர்.

மேகம் பாதி இறங்கிவிட்டது. விஜயபாண்டிக்கு அழுகையே வந்தது. தானே ஓடிப்போய்க் கல்லைத் தூக்கினான். பழைய இடத்தில் வைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது. ஆனால் பழைய இடம் எது? மூன்று பேரும் மிதித்த சேற்றில் பள்ளம் தெரியவில்லை. மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நினைவும் இல்லை.

"மரத்துக்குக் கீழ வைங்க. பலா எங்களது!" என்றாள் மேல் தோட்டத்துக் குருவம்மாள்.

"மேல வைங்கய்யா. பலா எனக்குன்னு சொல்லித்தான் வித்தாக!"

கீழே, மேலே, கீழே. கல்லைச் சுமந்தபடி அவன் பலாவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏன் தம்பி அல்லாடுறீக?" என்றாள் குருவம்மாள். "வந்ததும் ஒரு படம் எடுத்தீகள்ல? அதக் காட்டுங்க."

காட்டினான். மேலே லேசான மேகம், கீழே பலா மரம், மரத்துக்குக் கீழ்ப்புறம் பளிச்சென்று கல். ராமர் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கேமரா பொய் சொல்லுமா? என்னையத்தான் ஏமாத்தி வித்துப்புட்டாக போல."

கல்லை அங்கேயே ஊன்றினார்கள். குருவம்மாள் கைநிறைய ஏலக்காய் கொடுத்தாள். விஜயபாண்டி நிமிர்ந்து பார்த்தான். மேகம் மொத்தமாகக் கலைந்து, வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

மணி பதினொன்று ஐம்பது. போடிக்கு இறங்கும் ஜீப்பில் ஏறி, இருந்த அந்த ஒரே படத்தைச் செல்போனுக்கு மாற்றினான். 'நியாயம் காத்த மேகம்' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினான். இனித் திருத்த முடியாது என்று பதில் வந்தது. திருத்துவானேன்? ஓர் ஏழையின் மரத்தை மீட்டுக் கொடுத்த படம் அல்லவா! பரிசு கிடைக்காவிட்டாலும் அனுசியாவிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

டிரைவர் நிலவன் எட்டிப் பார்த்தான்.

"படம் சூப்பரா இருக்குண்ணே. ஆமா, நேத்து நான் அந்தத் தோட்டத்துல லோடு ஏத்துறப்ப இந்தக் கல்லு மரத்துக்கு மேல் பக்கம்ல இருந்துச்சு?"