மஞ்சள் குடைக்குப் பின்னால்

தன் பின்னால் ஒரு கூட்டம் வருகிறது என்பது மாப்பிள்ளைக்கு மூன்றாவது சந்தில்தான் உறைத்தது. அவர் நின்றால் அவர்களும் நின்றார்கள். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்; தரையில் என்ன விசேஷமோ என்று அவர்களும் குனிந்தார்கள்.

கையில் மாமனாரின் மஞ்சள் குடை. இந்தப் பழைய கடைத்தெருவில், புராதனக் கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் இப்படித்தான் குடையும் கூட்டமுமாகப் போவார்கள். சரிதான், ஆள் மாறாட்டம்!

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு ஹாலில்தான் படுக்கை. "இன்னைக்கு வாடகைக்கு விடற அந்த மாடிவீட்டுச் சாவியோட வாங்க. இல்லன்னா வராதீங்க" என்று மனைவி அனுப்பியிருந்தாள்.

குடையை மடக்கினார். தூறல் பிடித்தது. மறுபடி விரித்தார். கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

"நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லைங்க."

"பரவால்ல சார், நீங்க நடங்க" என்றார் தோள்பைக்காரர்.

விரட்ட ஒரே வழி, அறுத்துத் தள்ளுவது. தூண் வைத்த பழைய வங்கி முன்னால் நின்றார்.

"இந்தப் பேட்டையில எல்லாமே நூறு வருஷத்துக் கட்டடம். சுவரு ரெண்டடி கனம்."

"அப்ப வெயில்ல ஜில்லுனு இருக்கும்!" என்று கூட்டம் குளிர்ந்தது.

"தண்ணி வருமா?" என்றாள் கைக்குழந்தைக்காரி.

மாப்பிள்ளை விழித்தார். "அந்தக் காலத்துல... கிணறு இருந்திருக்கும்மா."

"மாடியில துணி காயப்போடலாமா?"

வங்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "தூணுக்குத் தூண் கொடி கட்டலாம்."

ஒருவர் கைதட்டினார்.

மாடிவீடும் வந்துவிட்டது. மரச் சன்னல், பூவேலைக் கம்பி, கீழே பூட்டிய கடை. இந்தப் பட்டாளத்தோடு படியேறினால் வீட்டுக்காரம்மா கதவைக்கூடத் திறக்கமாட்டார்.

"இதுதான் கடைசி. முதல்ல நீங்க எல்லாரும் போய்ப் பாத்துட்டு, அப்படியே கிளம்பிடுங்க. நான் கீழ நிக்கிறேன்."

சொல்லி முடிக்கவில்லை, படியில் தள்ளுமுள்ளு. தோள்பைக்காரர் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். பழைமை மேல் இவ்வளவு வெறியா!

சற்று நேரத்தில் ஒவ்வொருவராகத் தொங்கிய முகத்தோடு இறங்கிப் போனார்கள். கடைசியாகக் கைக்குழந்தைக்காரி வந்தாள். குழந்தை வாயில் ஒரு சாவி.

"உங்க புண்ணியம் சார். குடையோட புரோக்கர் வருவார், பின்னாடியே வாங்கன்னு வீட்டுக்காரம்மா எங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. ஆனா ஒரு வீட்டைக் காட்ட ஊரையே காட்டின புரோக்கரை இப்பதான் சார் பாக்கறேன்!"