பத்து லட்சத்தில் நின்ற பாக்கெட்

எண் மறுபடியும் பத்து லட்சத்திலேயே நின்றது. தாணு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தான். கண்ணாடி மேல் குற்றமில்லை.

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் அவனுக்கு வேலை. ஒரு பெரிய சர்வருக்குள் குடியிருக்கிற பொய்க் கம்ப்யூட்டர்களுக்கு, அதாவது விர்ச்சுவல் மெஷின்களுக்கு, தகவலை உள்ளே வாங்கி வெளியே விடுகிற நெட்வொர்க் டிரைவர் புரோகிராமை அமைத்துக் கொடுக்க வேண்டும். பெங்களூர் கஸ்டமர் கேட்டது விநாடிக்கு நாற்பது லட்சம் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம்.

"எண் வரேல்லன்னா டிரெய்னிங்குக்கு உன்னைப் பெங்களூருக்கு அனுப்புவாங்களாக்கும். ஒரு வருஷம்!" என்று பக்கத்து சீட் ரெஜி காலையிலேயே காதில் போட்டிருந்தான்.

தாணுவுக்கு இன்னும் தலைத் தீபாவளிகூட வரவில்லை. பொன்செல்வி இப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து வந்து, வாடகை ஃப்ளாட்டின் பால்கனியில் கறிவேப்பிலை நட்டிருக்கிறாள். அவளை விட்டு ஒரு வருஷமா?

பழைய டிரைவரில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புது மாப்பிள்ளை உபசாரம் நடக்கும். வாசலில் நிறுத்தி, வழியில் பஸ் கிடைத்ததா என்று விசாரித்துத்தான் உள்ளே விடுவார்கள். விர்ட்டியோ என்கிற புது டிரைவரில் பாக்கெட் வீட்டு ஆள். நேரே அடுக்களைக்குப் போய்விடும். தாணு போன வாரமே விர்ட்டியோவுக்கு மாற்றிவிட்டான். அப்படியும் எண் அசையவில்லை.

"ஜெஸ்லின், நீ ஃபுல்லாத்தானே அனுப்புத?"

எதிர் சீட்டு ஜெஸ்லின்தான் இன்னொரு மெஷினிலிருந்து சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்புகிறவள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்குச் சொன்ன அளவுல ஒண்ணுகூடக் குறையாம அனுப்புதேன் அண்ணே."

அப்படியானால் கோளாறு தன் பக்கம்தான் என்று தாணு முடிவு கட்டினான். அவன் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

முதலில் பாக்கெட் நிற்கிற வரிசைகளைக் கூட்டினான். எண் எட்டு லட்சத்துக்கு இறங்கியது. பதறிப்போய்க் குறைத்தான். பத்து லட்சத்துக்கே வந்து சப்பணம் கொட்டி உட்கார்ந்தது.

மெமரி போதவில்லை போல என்று, சர்வரின் மெமரியைப் பெரிய பெரிய துண்டாக வெட்டிப் பாக்கெட்டுக்கென்று ஒதுக்கினான். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. காண்டீன் டோக்கன் மெஷினும் அதே சர்வரில்தான் குடியிருந்தது என்பது, அது மூச்சை விட்ட பிறகே அவனுக்கு ஞாபகம் வந்தது.

ரெஜி கீழேயிருந்து ஓடி வந்தான். "தாணு, டோக்கன் வரேல்ல! பாதி ஆபீஸ் தட்டும் கையுமா நிக்குது. மீன்கறி ஆறிப்போச்சு கேட்டியா!"

"அஞ்சு நிமிஷம்!" என்றான் தாணு. ரெஜி மறுபடி கீழே ஓடினான். எண்ணைப் பார்த்தான். பத்து லட்சம்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி யார் தயவும் வேண்டாம், நெட்வொர்க் கார்டையே பிடுங்கி நேராகத் தன் புரோகிராம் கையில் கொடுத்துவிடலாம் என்று துணிந்தான். கொடுத்தான். திரை அப்படியே உறைந்தது. அவன் சர்வருக்குள் நுழைந்திருந்ததே அந்தக் கார்டு வழியாகத்தான். இப்போது டோக்கன் மெஷினை எழுப்பப் போகவும் வழியில்லை.

ஹால் மூலையில் இருந்த சர்வரை ஓடிப்போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். எழுந்தது. டோக்கன் மெஷினும் எழுந்தது. சும்மா கிடந்த இன்னொரு கார்டைப் பிடித்து, இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகவே அமைத்தான்.

எண்? பத்து லட்சம்.

"தாணு! ஈ வாதில் எந்தா துறக்காத்தே?"

கதவு ஏன் திறக்கவில்லை என்று மலையாளத்தில் கேட்டபடி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் பிந்து நின்றார். கையில் சோற்றுத் தட்டு. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. கதவைத் திறக்கிற மெஷினும் அதே சர்வரில்தான் இருந்தது. அது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

பிந்து நல்ல மனுஷி. தாணுவின் கல்யாணத்துக்கு நாகர்கோவில் வரை பஸ்ஸில் வந்து, பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். தாணுவைப் போல ஓர் ஆள் கிடைக்கமாட்டான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர். இப்போது அந்த முகத்தில் பாயசம் இல்லை. தட்டைப் பின்னால் நின்ற ரெஜியிடம் கொடுத்துவிட்டு யாருக்கோ போன் போட்டார்.

"இதோ மேடம்! ஒரு நிமிஷம் மேடம்!" தாணு வியர்க்க வியர்க்கக் கதவு மெஷினை எழுப்பிக்கொண்டிருந்தான். எதிரே ஜெஸ்லின் போனில் "சரி மேடம், சரி மேடம்" என்று சொல்லிவிட்டு எதையோ தட்டினாள்.

கதவு திறந்தது. எண்ணும் திறந்துகொண்டது. இருபது லட்சம், முப்பது, நாற்பத்திரண்டு!

தாணு நாற்காலியிலிருந்து துள்ளினான். வீட்டுக்குப் போன் போட்டான். "செல்வி, வந்தாச்சு! நான் எங்கயும் போகாண்டாம்! கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்து, நம்ம இங்கதான்!" அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா ஜெஸ்லின்! கடைசியில டிரைவரைச் சரி பண்ணிட்டேன்!"

ஜெஸ்லின் அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

"டிரைவர் போன வாரமே சரியாயிட்டு அண்ணே. நல்லா ஓடினா கஸ்டமர் உங்களைப் பெங்களூருக்குக் கொத்திக்கிட்டுப் போயிருவான்னு, பத்து லட்சத்துக்கு மேல அனுப்பாதேன்னு மேடம்தான் சொல்லியிருந்தாவ. இப்பம் அவங்களே போன் பண்ணி, 'ஃபுல்லா அனுப்பு, தாணு போயிட்டே வரட்டும்'னுட்டாவ."